உப்பு வைக்கும் இடம்

நகரத்தில் விடுதி நடத்துகிறவருக்கு வாசலில் வந்து நிற்பவர் எல்லாரும் ஒரே இனம். பணம் கொடுத்துத் தங்குகிறவர், அல்லது தங்க இடம் உண்டா என்று விசாரிக்க வந்தவர், அவ்வளவுதான். காட்டின் விளிம்பில் விடுதி நடத்துகிறவனுக்கோ வருகை தருவோர் இரு திறத்தார். முன்கூட்டியே எழுதி, முன்பணம் அனுப்பி, பெட்டி படுக்கையோடு மோட்டாரில் வந்து இறங்குவோர் ஒரு திறத்தார். எழுதாமலும் சொல்லாமலும், அவ்விடுதிக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே தம் தாயும் தாயின் தாயும் நடந்து பழகிய தடத்தில், இருட்டிய பிறகு வந்து நிற்போர் மற்றொரு திறத்தார். முதல் திறத்தாருக்குக் கேட்டதையெல்லாம் கொடுக்க வேண்டும். இரண்டாம் திறத்தாருக்கு, அவை எவ்வளவு பசியோடு வந்தாலும், ஒரு பிடி உப்புக்கூடக் கிடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உபசரிப்பையும் உபசரியாமையையும் ஒரே கூரையின் கீழ், ஒரே சமையற்கட்டை வைத்துக்கொண்டு நடத்துவதுதான் எங்கள் தொழில். சீகூர்ப் பீடபூமியில், மசினகுடிக்குச் சற்றுக் கிழக்கே, சில அறைகளே கொண்ட ஒரு சிறு விடுதியின் மேலாளனாக என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. இத்தொழிலின் இரண்டாவது பாதியைப் பற்றி எவரும் எழுதக் காணோம் என்பதே நான் எழுத முற்பட்டதற்குக் காரணம்.

நிலத்தின் அமைப்பைச் சொல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போவது விளங்காது. உதகையிலிருந்து கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கினால், கம்பளிச் சட்டையோடு புறப்பட்ட பிரயாணி ஒரு மணி நேரத்துக்குள் கழுத்துப் பொத்தானைக் கழற்றும்படியான வேறொரு சீதோஷ்ணத்துக்கு வந்து சேர்கிறார். தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்கு முகத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுவதால், கூடலூர்ப் பக்கம் பசுமை மாறாமல் இருக்க, எங்கள் பக்கமோ வேலமும் உசிலும் முட்புதருமாக ஆண்டின் பாதி நாள் காய்ந்து கிடக்கும். தெற்கே நீலகிரியின் செங்குத்தான சரிவு. வடக்கே மோயாறு அறுத்துக்கொண்டு போன ஆழமான பள்ளத்தாக்கு. இரண்டுக்கும் நடுவே உள்ள இந்த ஒடுங்கிய சமவெளிதான் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு யானைகள் போய்வரும் வழி. மேற்கே, 1940ஆம் ஆண்டில் சுமார் 60 சதுர கிலோமீட்டர் அளவில் சரணாலயமாகத் தொடங்கிப் படிப்படியாக விரிந்து, 2007இல் புலிகள் காப்பகம் ஆன முதுமலை. ஆற்றுக்கு அப்பால் கர்நாடகத்தின் பந்திப்பூர். இவ்வளவு பெரிய காடுகளுக்கு நடுவே, இவ்வளவு சிறிய வழியில், தண்ணீர் வசதியும் சாலை வசதியும் உள்ள இடமாகப் பார்த்துத்தான் மனிதர்களும் விடுதிகளைக் கட்டினார்கள். யானைக்கும் அந்தத் தண்ணீர்தான் வேண்டியிருந்தது.

எங்கள் விடுதியைக் கட்டியவர் சமவெளி நகரம் ஒன்றிலிருந்து வந்த மேஸ்திரி. அவர் தம் ஊர் வழக்கப்படி, முன்னால் வரவேற்பறையும் நடுவில் தங்கும் அறைகளும் பின்னால் சமையற்கட்டும், அதற்கும் பின்னால், காட்டைப் பார்த்த சுவரோடு ஒட்டி உக்கிராண அறையுமாக அமைத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனார். நகரத்தில் அது பழுதற்ற அமைப்பு. புகையும் எலியும் விருந்தினர் கண்ணில் படாமல் இருக்கும். ஆனால் காட்டுத் தீவனத்தில் உப்புச் சத்து மிகக் குறைவு; அதனால்தான் யானையும் காட்டெருமையும் கடமானும் உப்பு மண் உள்ள இடங்களை நாடிப் போய் மண்ணைத் தின்கின்றன. அப்படிப்பட்ட பிராணிக்கு, ஓர் ஒற்றைச் செங்கல் சுவருக்கு அப்பால் ஒரு மூட்டை உப்பும், அதன் பக்கத்தில் வெல்லமும், அரிசியும், புளியும் இருக்கின்றன என்பதை அறிவிக்கத் தனியாகப் பலகை எழுதி வைக்க வேண்டியதில்லை. துதிக்கை ஒன்று போதும். முதற் கோடையிலேயே ஓர் ஆண் யானை அந்தச் சுவரை, அவசரம் ஏதுமின்றி, நெற்றியைக் கொடுத்துச் சாய்த்துவிட்டு, வெல்லத்தை முதலிலும் உப்பை அடுத்ததாகவும் எடுத்துக்கொண்டு, பாத்திரங்களில் ஒன்றையும் மிதிக்காமல் போய்விட்டது. இரவுக் காவலுக்கு இருந்த இருளர்ப் பெரியவர் விடிந்ததும் இடிந்த சுவரைப் பார்த்துவிட்டு, “நாளைக்கும் வருமுங்க சார். ருசி கண்டுபோச்சு” என்றார். மறுநாள் வந்தது.

அதன் பிறகு உக்கிராண அறையைக் கட்டிடத்தின் நட்டநடுவே, நான்கு பக்கமும் வேறு அறைகள் சூழ, வெளிச்சுவர் எதிலும் படாத இடத்துக்கு மாற்றினோம். உப்பும் வெல்லமும் இறுக மூடும் இரும்புப் பீப்பாய்களுக்குள் போயின. மூட்டையாக வாங்குவதை நிறுத்தி, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் மசினகுடிக் கடையிலிருந்து வாங்கிவரும் வழக்கத்தைக் கொண்டுவந்தபோது, பாலக்காட்டுப் பக்கத்துக்காரரான எங்கள் சமையற்காரர் மனம் நொந்துபோய், “உப்பையும் அளந்து கொடுக்கிற ஓட்டல்ல நான் வேலை பார்த்ததே இல்லை, சார்” என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய வருத்தம் அதோடு நிற்கவில்லை. அரிசி களைந்த கழுநீரைப் பின்வாசலில் கொட்டுவது சமையற்கட்டின் அனாதியான பழக்கம். அதையும் தடுக்க வேண்டியிருந்தது. கழுநீர் விழுந்த இடத்துக்குக் காட்டுப்பன்றி வரும், புள்ளிமான் வரும், மான் தினமும் ஒரே இடத்துக்கு வருகிறது என்பதைக் கண்டுகொள்ள எந்தச் சிறுத்தைக்கும் அதிக நாள் பிடிக்காது, அப்புறம் அந்தப் பின்வாசலில் விடியற்காலையில் பாத்திரம் துலக்க உட்காரும் பெண்ணை யார் காப்பது? எண்ணெயைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். கரடிக்கு எண்ணெயின் மேல் உள்ள மோகம் நீலகிரி முழுவதும் பிரசித்தம். கோயில் கதவை உடைத்து விளக்கெண்ணெயைக் குடித்துவிட்டுப் போன கரடிகளைப் பற்றிய செய்தி உதகை, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் ஆண்டுதோறும் வருகிறது. அப்பளம் பொரித்த எண்ணெயை அன்றன்றே மூடி உள்ளே கொண்டுபோகாவிட்டால், அன்றிரவே ஜன்னல் சட்டத்தில் நகக் கீறல் விழும்.

எச்சில் இலையையும் காய்கறித் தோலையும் குழியில் புதைத்தால் பன்றி தோண்டும். எரித்தால் கோடையில் காடு பற்றும். ஆகவே மூடி போட்ட தொட்டியில் சேர்த்து வண்டியில் ஏற்றி வெளியேற்றினோம். இதில் செலவு அதிகம், பெருமை ஒன்றும் இல்லை. விருந்தினர் கண்ணுக்கு இது எதுவும் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் நியமம்.

விருந்தினர் தாமே கொண்டுவருவது தனி விஷயம். கூடலூர்ச் சாலையோரத்தில் பலாப்பழம் விற்கும் பருவத்தில், மணக்க மணக்க ஒரு பழத்தை வாங்கிக் காரின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டு வந்து, அதைப் பற்றி மறந்தே போய், விருந்தோம்பலை எதிர்பார்த்து நிற்கும் கனவான்களிடம், “தயவுசெய்து அந்தப் பழத்தை இப்போதே அறுத்து, எல்லாருமாகச் சாப்பிட்டுவிடுவோம்” என்று சொல்வதற்கு எங்கள் தொழிலில் சற்று நயம் வேண்டும். பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே சம்மதித்துவிடுவார்கள். சம்மதியாத ஒருவருடைய புத்தம்புதிய காரின் பின்கதவை மறுநாள் காலையில் பதினைந்தடி தள்ளி வேலங்கன்றுகளுக்கு இடையே கண்டெடுத்துக் கொடுத்தோம். அவர் எங்களைக் கோபித்துக்கொண்டார். யானையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வேலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விடுதிக்காரர்களில் பலர் வேலி ஒன்றையே நம்பினார்கள். சூரிய மின்வேலி என்பது கொல்லாது, அதிர்ச்சி மட்டும் கொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதை மனிதன் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்கிறான், ஆண் யானை தானே தெரிந்துகொள்கிறது. தந்தத்தால் கம்பியை அமுக்குவதும், காய்ந்த மரத்தை ஒடித்துக் கம்பிமேல் போடுவதும், கம்பியை விட்டுவிட்டுக் கம்பத்தைக் காலால் சாய்ப்பதும் இங்கே சகஜம். தந்தமில்லாத பெண் யானைகளும் குட்டிகளும்தான் உண்மையில் வேலிக்கு அடங்குகின்றன. ஆகவே உப்பை எங்கே வைப்பது என்று யோசியாமல் வேலி போட்டவர்கள், வரக்கூடாத ஆணை உள்ளே விட்டு, போகவேண்டிய கூட்டத்தை வழிமறித்தார்கள் என்பது என் அபிப்பிராயம். நாங்களும் வேலி போட்டவர்கள்தாம்.

இனி முதல் திறத்தாரிடம் வருவோம். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் புலியைப் பார்க்க வந்தவர்கள். மாலையில் வந்து இறங்கி, மறுநாள் விடியற்காலையில் தெப்பக்காட்டிலிருந்து புறப்படும் வனத்துறை வண்டியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, புலி கண்ணில் படவில்லை என்றால் ஏதோ கடையில் பணம் கொடுத்தும் சாமான் கிடைக்காதவர்போல் முகம் சுளித்துத் திரும்புவார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு, ராத்திரியில் ஜீப்பில் அழைத்துப்போய் விளக்கடித்துக் காட்டுகிறோம் என்று ஆசை காட்டுவோரும் அவ்வட்டாரத்தில் இருந்தார்கள். அது சட்டவிரோதம் என்பது ஒருபுறம் இருக்க, கண்கூசி நிற்கும் கடமான் ஒன்றைக் காட்டுவதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. எங்களிடம் அது கிடையாது என்று சொன்னதால் போன வியாபாரத்தைக் கணக்குப் பார்த்தால் எங்கள் முதலாளிக்கு இன்றும் வருத்தமாக இருக்கும்.

புலியைத் தர முடியாத விடுதிக்காரன் வேறெதையாவது தர வேண்டும் அல்லவா? நான் முதலில் கொடுத்தது காது. விடியலுக்கு முன், இருட்டு விலகியும் விலகாமலும் இருக்கும்போது, டீயைக் கையில் கொடுத்து விருந்தினரைத் தாழ்வாரத்தில் உட்காரவைத்து, இருளர்ப் பெரியவரைப் பக்கத்தில் இருக்கச் சொல்வேன். காட்டுக்கோழி கூவுவதையும் மயில் அகவுவதையும் யாரும் கேட்டு அறிவார்கள். அச்சக்குரல்களைப் பிரித்து அறிவதுதான் வித்தை. மரத்தின் உச்சியிலிருந்து மந்தி ஒன்று தொண்டையைச் செருமுவதுபோல் கத்தினால் அது எதையோ கண்ணால் பார்த்துவிட்டுக் கத்துகிறது. புள்ளிமான் கூர்மையான குரலில் கூப்பிடும். ஆனால் அது கொஞ்சம் பயந்தாங்கொள்ளி, காய்ந்த மட்டை விழுந்தாலும் ஒருமுறை கூப்பிட்டுவைக்கும். கடமான் அப்படியன்று. அது வாய் திறந்து, அந்தக் கனத்த ஒற்றைக் குரலை, இடைவெளி விட்டு இடைவெளி விட்டு, ஒரே திக்கிலிருந்து திரும்பத் திரும்ப எழுப்பினால், அங்கே புலியோ சிறுத்தையோ நடமாடுகிறது என்று நம்பலாம். பெரியவர் ஒரு நாள் தெற்கே கை காட்டி, “ஓடையில இருந்துச்சுங்க, இப்ப மேட்டுக்கு ஏறுது, வெயில் வந்தா படுத்துக்கும்” என்று, குரல்கள் இடம் மாறுவதைக் கொண்டே ஒரு புலியின் காலைப் பிரயாணம் முழுவதையும் எடுத்துச் சொன்னார். சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு வயோதிகர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், டீ ஆறிப்போவதையும் கவனியாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அன்று வண்டிச் சுற்றுக்குப் போகவே மறுத்துவிட்டார். பார்ப்பதற்கு இனி என்ன இருக்கிறது என்பது அவர் கேள்வி.

அவருடைய பேத்தி ஒருத்தி, பன்னிரண்டு வயதிருக்கும், குரல்களில் லயிக்கவில்லை. அவளுக்கு ஓடை மணலில் யானைத் தடத்தைக் காட்டி, முன்னங்கால் தடத்தின் சுற்றளவை நூலால் அளந்து, அந்த நூலை இரண்டாகப் பெருக்கினால் தோள்வரை யானையின் உயரம் ஏறக்குறைய வந்துவிடும் என்று சொன்னேன். இது யானை வளர்ப்போர் நெடுங்காலமாக அறிந்த கணக்கு. அவள் பாட்டியின் தையற்பெட்டியிலிருந்து நூற்கண்டைக் கொண்டுவந்து, ஓடை நெடுகக் குனிந்து குனிந்து அளந்து, தாழ்வாரத்துத் தூணில் சுண்ணாம்புக்கட்டியால் கோடுகள் போட்டு, ராத்திரி வந்து போனது இன்னின்ன உயரத்தில் ஐந்து யானை என்று முடிவுகட்டினாள். பெரியவர் தடங்களைப் பார்த்துவிட்டு நான்கு என்றார். ஒரே யானையின் தடத்தை இரண்டு இடத்தில் அளந்திருக்கிறாள். அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு மனமில்லை. போகும்வரை ஐந்து என்றே சாதித்தாள்.

கோடையில் விருந்தினர் குறைவு, ஆனால் தருவதற்கு அதிகம் உள்ள காலம் அதுதான். இலை உதிர்ந்து, கண்ணுக்கு எட்டிய தூரம் வெறிச்சோடிய காட்டில் புரசு மரம் செக்கச்செவேல் என்று பூத்து நிற்கும். மோயாற்றங்கரையில் நீர்மத்தி மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும். மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாக இந்தியாவின் பாறுகளில் பெரும்பகுதியை அழித்துவிட்ட பிறகும், 2006இல் கால்நடைகளுக்கு அது தடைசெய்யப்படும் வரை அவை தாக்குப்பிடித்து நின்ற சொற்ப இடங்களில் இப்பள்ளத்தாக்கும் ஒன்று. இதைச் சொன்னால், பிணந்தின்னிக் கழுகா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள்கூடத் தொலைநோக்கியைக் கேட்டு வாங்குவார்கள்.

தோட்டம் போட வேண்டும் என்று முதலாளி விரும்பியபோது மட்டும் எனக்கும் அவருக்கும் நீண்ட வாக்குவாதம் நடந்தது. வனவிலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம்பிடித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய மா. கிருஷ்ணன், நம் நாட்டு மரங்கள் இருக்க அயல்நாட்டு அலங்கார மரங்களைக் கொண்டுவந்து நடுவதை வாழ்நாள் முழுவதும் கண்டித்தவர்; அவருடைய கட்டுரைகளைப் படித்த தைரியத்தில் நானும் குல்மொஹரும் போகன்வில்லாவும் வேண்டாம் என்றேன். அலங்காரத்துக்காக வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி இன்று காட்டுக்குள் எவ்வளவு ஏக்கரை விழுங்கியிருக்கிறது, அது இருக்கும் இடத்தில் புல் முளைக்காமல் மான் எப்படிப் பட்டினி கிடக்கிறது, தரையில் படரும் தீயை அது எப்படி மரக்கிளை வரை ஏற்றிவிடுகிறது என்பதையெல்லாம் வாசற்படியில் நின்றபடியே காட்ட முடிந்தது. கடைசியில் தோட்டம் வரவில்லை. அதற்குப் பதிலாக, உண்ணிச்செடியின் கழிகளை வேகவைத்துத் தோலுரித்து வளைத்து நாற்காலி செய்யும் கைவினைஞர்களைக் கொண்டு தாழ்வாரத்துக்கு ஆசனங்கள் செய்வித்தோம். உட்கார அவ்வளவு சௌகரியம் என்று சொல்ல முடியாது.

கொடுக்காதிருப்பதில் நான் காட்டிய கண்டிப்பைப் பலர் கருமித்தனம் என்று பேசியதுண்டு. வாழைத்தோட்டம் என்ற ஊரின் பக்கம் ரிவால்டோ என்று பிரேசில் நாட்டுக் கால்பந்து வீரர் பெயரால் அழைக்கப்பட்ட ஒரு யானை இருந்தது. துதிக்கை நுனியைக் காயத்தால் இழந்த அதன்மேல் இரக்கம் கொண்டு மனிதர்கள் பழமும் தீனியும் கொடுக்க, அது மனித வாசனையையே மேய்ச்சல் நிலமாகக் கொண்டுவிட்டது. 2021 மே மாதத்தில் வனத்துறையினர் அதை கரால் என்ற மரக்கூண்டுக்குள் அடைத்தார்கள். ஆகஸ்டில் தொலைவான காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அது ஓரிரு நாளிலேயே பழைய இடத்தருகே திரும்பி வந்து நின்றது. அதே ஆண்டு ஜனவரியில் மசினகுடியில் ஒரு விடுதிப் பக்கம் வந்த வேறொரு யானையின்மேல் சிலர் எரியும் பொருளை வீச, அந்தத் தீக்காயத்தோடு அது இறந்துபோனது. ஊட்டி வளர்த்த கையும் தீயை எறிந்த கையும் எதிரெதிரானவை என்று உலகம் நினைக்கிறது. பக்கத்திலிருந்து பார்த்த எனக்கு, யானை வாசலுக்கு வரும் பழக்கத்தை முதற்கை உண்டாக்கியது, இரண்டாவது கை அதற்குப் பதில் சொன்னது என்றே தோன்றுகிறது.

இனி விடுதிகளுக்கு நேர்ந்ததற்கு வருவோம்; அது யாவரும் அறிந்ததே. சீகூர் யானை வழித்தடத்தை 2010இல் தமிழக அரசு அறிவித்ததும், 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஆதரித்ததும், விடுதிக்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றதும், 2020 அக்டோபரில் அங்கும் அந்த அறிவிப்பே நிலைபெற்றதும் பத்திரிகைகளில் விரிவாக வந்துவிட்டன. எங்கள் விடுதியும் அவ்வழித்தடத்துக்குள் அடங்கியதால் மூட வேண்டியதாயிற்று. தீர்ப்பு நியாயமானது என்று நான் சொன்னபோது சகதொழிலாளர் சிலர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். வேலை இழந்த அறைப் பையன்களும் பாத்திரம் துலக்கிய பெண்ணும் கேட்டால் என்ன சொல்வீர் என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதும் உண்மை. நகரத்து விடுதியில் வேறு வேலை தேடிக்கொள்ளும் படிப்பும் அனுபவமும் எனக்கு இருந்தன, அவர்களுக்கு இல்லை.

கதவைப் பூட்டியதோடு காரியம் முடிந்துவிட்டதாக நினைத்த முதலாளியிடம், ஆள் இல்லாத கட்டிடத்தைச் சுற்றி வேலி மட்டும் நிற்பதில் எவருக்கு லாபம் என்று கேட்டேன். மறந்தும் எதையும் இலவசமாகக் கொடுக்காதவர், கம்பியை விற்றுக் கூலியைக் கழித்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையின்மேல் சம்மதித்தார். இருளர்ப் பெரியவரும் அவர் மருமகனும் நானுமாகக் கிழக்குப் பக்கத்தையும் ஓடைப் பக்கத்தையும் கழற்றினோம். மேற்குப் பக்கத்தைக் கழற்றப் போனபோது பக்கத்துப் பட்டாக்காரர் ஓடிவந்து, தம் ராகிக்கு அந்த ஒரு பக்கம்தான் காவல், அறுப்பு முடியும்வரையாவது விட்டுவையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர் கேட்டதும் நியாயமாகவே பட்டது. அறுப்பு முடிந்து, அடுத்த விதைப்பும் ஆகிவிட்டது. மேற்கு வேலி இன்னும் அப்படியே நிற்கிறது.